பள்ளிப் பாதி

செப்டம்பர் 18

இந்த நோட்டை வேளாண்மைத் துறை மேடம் இன்று கொடுத்தார். பெயர் இளவரசி. எங்கள் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறார். வயல்வெளிப் பள்ளி என்று ஒன்று தொடங்குகிறார். புதன்கிழமை தோறும் இருபத்தைந்து விவசாயிகள் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் கூடி, படைப்புழுவை எப்படிச் சமாளிப்பது என்று படிக்க வேண்டுமாம். யார் கொல்லையில் நடத்தலாம் என்று அவர் கேட்டதும் ஊரே என் பக்கம் கையைக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்?

நடப்பதை எல்லாம் தினப்படி எழுத வேண்டும், புதன்கிழமை அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மேடம் ஊருக்குப் புதிது என்பதால் என்னைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன். பெயர் கலியபெருமாள். வயது ஐம்பத்து நான்கு. மூன்று ஏக்கர் கரிசல். தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. இந்த ஊரில் யாரும் ரேடியோ கேட்டு விவசாயம் பார்ப்பதில்லை, புத்தகம் பார்த்தும் பார்ப்பதில்லை. ரோட்டில் வண்டியை நிறுத்தி என் கொல்லையைப் பார்ப்பார்கள். நான் விதை ஊன்றினால் ஊன்றுவார்கள். நான் மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டினால் மறுநாள் முப்பது டேங்க் இறங்கும். மருந்துக் கடையில் போய், "கலியபெருமாள் வாங்குனதையே குடுங்க" என்பார்கள். கடைக்காரர் ஞானசேகரே எனக்கு நாற்காலி போடுவார்.

செப்டம்பர் 20

நல்ல ஈரம். விதை ஊன்றியாயிற்று. ரோட்டோரம் உள்ள ஒரு ஏக்கரைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்திருக்கிறோம். வடக்குப் பாதி என் முறை, எப்போதும் போல மருந்து. தெற்குப் பாதி பள்ளி முறை. அதில் மேடம் சொல்லாமல் ஒரு சொட்டு அடிக்கக் கூடாது. எது ஜெயிக்கிறது என்று கடைசியில் எல்லோருமாகப் பார்ப்பதாம். தெற்குப் பாதிதான் ரோட்டுக்கு நேராக இருக்கிறது. வேறு பாதியைக் கொடுத்திருக்கலாம்.

செப்டம்பர் 25

முளைப்பு அருமை. முதல் வகுப்பு. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து இருபத்தைந்து பேரும் உட்கார்ந்தோம். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் பெயரைத்தான் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். அதனால் எல்லோருமே ஆம்பிளைகள்.

மேடம் பேசும்போது வேலி ஓரத்தில் தையல்நாயகியின் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. எனக்கு அடுத்த கொல்லைக்காரி. புருஷன் செத்து நாலு வருடம் ஆகிறது. முக்கால் ஏக்கரை ஒண்டியாகப் பார்க்கிறாள், பட்டா இன்னும் மாமனார் பேரில். "ஆட்ட அந்தாண்ட ஓட்டிக்கிட்டுப் போயேன்" என்றேன். "இங்கதாண்ணே புல்லு இருக்கு" என்றாள். வேலி ஓரத்தில் அப்படி ஒன்றும் புல் இல்லை.

அக்டோபர் 9

வந்துவிட்டது. குருத்தில் மரத்தூள் போலக் கழிவு, இலையில் வரிசையாக ஓட்டை. படைப்புழுதான். வடக்குப் பாதிக்குச் சாயங்காலமே அடித்தேன்.

இன்றைய வகுப்பு எண்ணுவது பற்றி. ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடியை நின்று பார்க்க வேண்டும். பத்துச் செடிக்கு மேல் புழு இருந்தால்தான் மருந்து. அதுவரை இலையில் இருக்கும் முட்டையைக் கையால் நசுக்க வேண்டும், மணலில் சுண்ணாம்பைக் கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போட வேண்டும். முட்டையை நசுக்குவதும் மணல் போடுவதும் பொம்பளைகள் பார்க்கிற வேலை. தெற்குப் பாதியில் நூற்றுக்கு ஏழு என்று எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் குனிந்து எண்ணட்டும். எனக்கு வரப்பில் நின்றாலே தெரியும்.

அக்டோபர் 12

நூற்றுக்கு எட்டு.

அக்டோபர் 16

நான் எழுதியதற்குக் கீழே மேடம் சிவப்பு மையில், "உள்ளே இறங்கி எண்ணவும்" என்று எழுதியிருக்கிறார். முப்பது வருடமாக விவசாயம் பார்க்கிறவனிடம் சொல்கிற வார்த்தையா?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு துரைக்கண்ணு மட்டும் ரோட்டில் வண்டியை நிறுத்தினான். என் வீட்டுக்காரி பூங்காவனத்தின் தம்பி, எனக்கு மச்சினன். போனில் ஊர் உலகத்து விவசாய வீடியோ எல்லாம் பார்ப்பான். யாரோ ஒருவர் எந்த மண்ணிலோ எதையோ கரைத்து ஊற்றுவார், இவன் இங்கே வந்து கரைப்பான். கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பான். அவன் தெற்குப் பாதியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, மேடம் சல்லடை வெள்ளாம பண்ணச் சொன்னாங்களா?" என்றான். பின்னால் டிராக்டரில் வந்தவர்களும் சிரித்தார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 18

பெரம்பலூர் போய் வந்தேன். ஒரு வேலை இருந்தது. போகிற வழியில் ஞானசேகர் கடை வாசலில் நின்று கை காட்டினார். பேருந்திலிருந்து இறங்கவில்லை.

அக்டோபர் 20

துரைக்கண்ணு பேத்திக்குக் காதுகுத்து. ஊர் முழுக்கக் கோயிலுக்குப் போயிருந்தது. எனக்குத் தலைவலி. பூங்காவனத்தை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். கொல்லைப் பக்கமே போகவில்லை.

அக்டோபர் 21

பூங்காவனம் என் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 23

தெற்குப் பாதியில் நூற்றுக்கு ஒன்று! வகுப்பில் எல்லோருமாகத்தான் எண்ணினோம். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஐயா, என்ன பண்ணுனீங்க? முட்டைய நசுக்குனீங்களா, மணல் போட்டீங்களா?" என்று கேட்டார். "எல்லாம் பண்ணுனேங்க" என்றேன். நவம்பர் பதின்மூன்றாம் தேதி என் கொல்லையில் வயல் விழா வைக்கப் போகிறார்கள். மூன்று ஊர் விவசாயிகள் வருவார்களாம், மைக் செட், பந்தல் எல்லாம் உண்டு.

துரைக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி விழா.

அக்டோபர் 26

ஞானசேகர் கடைக்குப் போனேன். நாற்காலி போட்டார், ஆனால் முகம் சரியில்லை. "நீங்க மருந்து இல்லாமயே புழுவ நிறுத்திட்டீங்களாமே. ஒருத்தனும் கடப் பக்கம் வர மாட்டேங்கறான்" என்றார். துரைக்கண்ணு கூட டேங்கைக் கழுவிப் பரணில் தூக்கி வைத்துவிட்டானாம். ஆறேழு பேர் அப்படி இருக்கிறார்கள் என்று சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்பதில் நான் ஞானசேகரைக் கேட்பேன், அவர், "ஒங்க பக்கம் எது கேக்குது?" என்று என்னைக் கேட்பார். தெரியாது என்று இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. மழை. பூங்காவனம் அதிரசம் சுட்டாள். தையல்நாயகி வீட்டுக்கும் ஒரு தட்டு போனது.

நவம்பர் 3

காலையில் தையல்நாயகி வரப்பில் வந்து நின்றாள். கையில் ஓர் இலை வைத்திருந்தாள், அதில் ஓட்டை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஒங்க பள்ளிப் பாதியில மருந்து எதுனா அடிச்சீங்களா?"

"இல்லயே. ஏன்?"

"எங்கொல்லையில நாலு நாளு நசுக்குனா ரெண்டு நாளுல மறுபடியும் ஏறுது. ஒங்களுக்கு ஒரே வாரத்துல சுத்தமா நின்னு போச்சு. அதான், அடிச்சிருந்தா நானும் அடிச்சிரலாம்னு."

"அதெல்லாம் ஒண்ணும் அடிக்கல" என்றேன்.

"சரிண்ணே. நீங்க அடிக்கலன்னா நானும் அடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு அந்த முக்கால் ஏக்கரை விட்டால் வேறு கிடையாது.

நவம்பர் 5

அவள் கொல்லை வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போனேன். கால் வலி.

நவம்பர் 6

வகுப்பு. மேடம் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இனி விழா முடிந்த பிறகு கொடுத்தால் போதும் என்றார். எனக்குச் சால்வை போர்த்தப் போகிறார்களாம். பந்தல்காரன் வந்து குழிக்கு அளவு எடுத்தான்.

நவம்பர் 8

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது பூங்காவனம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"காதுகுத்து அன்னிக்கி ஒன் சட்டையில மருந்து நாத்தம். நான் ஒண்ணும் கேக்கல. ஊரு ஒன்னயப் பத்திப் பெருமையாப் பேசுது, எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தத் தையலு ஒன்ன நம்பிக்கிட்டு நிக்கிறா. அவ கொல்ல போனா அவ எங்க போவா?"

சோறு தட்டிலேயே காய்ந்தது.

மேடம், நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அக்டோபர் இருபதாம் தேதி எனக்குத் தலைவலி இல்லை. ஞானசேகரிடம் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பெரம்பலூர் போய் வாங்கி வந்து, ஊரே காதுகுத்துக்குப் போயிருந்த நேரத்தில் தெற்குப் பாதிக்கு அடித்தேன். துரைக்கண்ணு சல்லடை என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு முட்டையைக்கூட நான் நசுக்கவில்லை. முட்டை எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் காட்டியபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், நான் மட்டும் பின்னால் நின்று தலையை ஆட்டினேன்.

நவம்பர் 9

தையலிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவள் வீடு வரை போனேன். இரண்டு முறையும், "என்னாண்ணே?" என்றாள். ஒரு தடவை அரிவாள் கேட்டேன். இன்னொரு தடவை மழை வருமா என்று கேட்டேன்.

நவம்பர் 11

இன்று விடிந்ததும் நேராக அவள் கொல்லைக்கே போனேன். அவள் இன்னும் வந்திருக்கவில்லை. வரப்பில் நின்று பார்த்தால் பாவமாக இருந்தது. கீழ் இலையெல்லாம் ஓட்டை. நான்தான் கெடுத்தேன். எவ்வளவு கெடுத்திருக்கிறேன் என்றாவது பார்ப்போம் என்று உள்ளே இறங்கினேன்.

உள்ளே கதையே வேறு. ஓட்டை எல்லாம் பழைய இலையில். மேலே வந்த புது இலைகள் கண்ணாடி மாதிரி சுத்தம். பூக்காம்பு நேராக எழுந்திருக்கிறது. குருத்து இடுக்கில் விரலை விட்டால் மணல் நெருநெருவென்கிறது. ஒவ்வொரு செடியிலும் மணல்! முக்கால் ஏக்கரில் எத்தனை ஆயிரம் செடி இருக்கும்? ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் நின்றிருக்கிறாள். மேடம் சொன்ன மாதிரி ஐந்து இடத்தில் இருபது இருபதாக எண்ணினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக முழுசாக நூறு செடி. நான்கில்தான் புழு இருந்தது.

அங்கிருந்து நேராக என் தெற்குப் பாதிக்கு வந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் ராஜா மாதிரி நிற்கிறது. இறங்கி எண்ணினேன். பதினேழு. பூவுக்குள்ளும் இளங்கதிரின் நுனியிலும் ஒளிந்து தின்றுகொண்டிருக்கிறது. தையல் கொல்லையில் பொறிவண்டு ஓடுவதைப் பார்த்தேன், இங்கே ஒன்றுகூட இல்லை. நான் அடித்த மருந்தில் அவையும் செத்திருக்க வேண்டும். நம்ப முடியாமல் வேறு இடத்தில் மறுபடியும் எண்ணினேன். பத்தொன்பது.

விழாவுக்கு வருகிறவர்கள் ரோட்டில் நின்று பார்ப்பார்கள், கை தட்டுவார்கள், போய்விடுவார்கள். யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், நானே இறங்காதவன்தானே.

நவம்பர் 12

பந்தல் போட்டாயிற்று. வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள் பூங்காவனம். "நாளைக்கி என்னா பேசப் போற?" என்று கேட்டாள். "போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

நவம்பர் 13

எண்பது பேருக்குக் குறையாது. மூன்று ஊர்க்காரர்கள். முன் வரிசையில் துரைக்கண்ணு, பின்னால் ஞானசேகர்கூட வந்திருந்தார். மேடம் மைக்கில் என்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். முன்னோடி என்றார், வழிகாட்டி என்றார். ஒவ்வொரு சொல்லும் சட்டைக்குள் முள் மாதிரி குத்தியது. பிறகு சால்வையைப் பிரித்தார். "கொஞ்சம் இருங்கம்மா" என்று மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தெக்குப் பாதியில நான் மருந்து அடிச்சேன். போன மாசம் இருவதாந்தேதி, யாருக்கும் தெரியாம அடிச்சேன். மேடத்துக்கு இது தெரியாது. புழு நின்னது மருந்துல. அதுவும் இப்ப நிக்கல, திரும்ப வந்துருச்சி. முந்தாநாளு எண்ணுனேன், நூத்துக்குப் பதினேழு. சந்தேகம்னா எறங்கிப் பாருங்க."

மைக் கூவியது. மேடம் சால்வையைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துரைக்கண்ணுதான் முதலில் எழுந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், அவன் கண் சிவந்திருந்தது. "ஒங்களப் பாத்துத்தானே மாமா நான் டேங்க தூக்கிப் பரண்ல வச்சேன்! எங்கொல்லைய வந்து பாருங்க, குருத்தே இல்ல! சொந்த மச்சான்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தப்புதான் மாப்ள. காலுல வுழணும்னாலும் வுழறேன்" என்றேன். அப்படிப்பட்ட வார்த்தை என் வாயில் வந்து அவன் கேட்டதே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப அந்தப் பள்ளி மொறையே பொய்யி, அதானே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிலர் எழுந்து வண்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள்.

இதற்குத்தான் நான் பயந்தேன். நான் பொய் என்பதால் அதுவும் பொய் என்று ஆகிவிடும். மைக்கில் கத்தினேன். "பொய்யி நான்தான்யா, அது இல்ல! செஞ்ச ஆளு இருக்கு. அடுத்த கொல்லதான். அம்பது அடி நடந்துட்டு அப்பறம் ஊருக்குப் போங்க."

மைக்கை வைத்துவிட்டு நான் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் பின்னால் கேட்டது. போகப் போக அதிகமாகக் கேட்டது.

தையல்நாயகி வரப்பில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எண்பது பேர் வருவதைப் பார்த்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். பயந்துபோய், "ஆடு எதுனா மேஞ்சிருச்சாண்ணே?" என்றாள்.

"ஆடு இல்ல தையலு. மருந்து அடிச்சீங்களான்னு நீ கேட்டப்ப நான் இல்லன்னு சொன்னேன். அது பொய்யி. அடிச்சேன். நீ நெசமாவே அடிக்காம பயிர நிக்க வச்சிட்ட. எப்பிடின்னு இவங்களுக்குச் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "பொய்யா சொன்னீங்க?" என்றாள். பிறகு, "நெசத்தச் சொல்லிருந்தா நானும் அன்னிக்கே அடிச்சிருப்பேன். அடிக்காததுனால தெனமும் ரெண்டு தரம் எறங்க வேண்டியதாப் போச்சு" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் நியாயம்தான்.

மேடம் முன்னால் வந்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க வகுப்புக்கு வரலியேம்மா. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"புதன்கெழம புதன்கெழம வேலிக்கு அந்தாண்ட நின்னு கேட்டேங்க. பட்டா இருக்குறவங்கதான் வரணும்னு சொன்னாங்க. ஆட்ட ஓட்டிக்கிட்டு நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, இந்தண்ணனத் தவிர."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

மேடம் பையிலிருந்து பட்டியலை எடுத்து இருபத்தாறு என்று போட்டு அவள் பெயரைக் கேட்டு எழுதினார். பட்டா எண் எழுதுகிற இடத்தில் கோடு போட்டார். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். எண்ணினார்கள். ஐந்து இடத்தில் ஐந்து பேர், ஐந்து பேரும் சத்தம் போட்டுச் சொன்னார்கள். கூட்டினால் மூன்று. வண்டியை எடுத்தவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். தையலைச் சுற்றிக் கேள்வி மேல் கேள்வி. மணல் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, மழை பெய்தால் மறுபடி போட வேண்டுமா? முதலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு பேசியவள் போகப் போகக் குரலை உயர்த்தி, கையை ஆட்டி, துரைக்கண்ணுவைப் பார்த்து, "குருத்துக்குள்ள போடணும்ணே, எலை மேல தூவுனா என்னாத்துக்கு ஆவும்?" என்று அதட்டினாள். ஞானசேகர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை பொங்கியது. என் பக்கத்துக் கொல்லைக்காரி!

நானும் கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பினார்கள். கலியபெருமாள் கேள்வி கேட்டு இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"தையலு, முட்ட எப்பிடி இருக்கும்? எனக்குத் தெரியாது."

"வரப்புல நின்னா தெரியாதுண்ணே. எறங்கி வாங்க."

கஞ்சி போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். பஞ்சு ஒட்டினாற்போல ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவுதான். இவ்வளவு காலம் அதைத் தூசி என்று நினைத்திருக்கிறேன். அவள் அடுத்த ஆளுக்குக் காட்டப் போய்விட்டாள். நான் அந்தச் சாலிலேயே ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு இலையாகத் திருப்பிக்கொண்டு போனேன். இடுப்பு விட்டுப்போயிற்று. இருபத்தேழாவது செடியில் நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"இந்தா இருக்கு! இங்க பாரு தையலு!" என்று கத்திவிட்டேன். மூன்று ஊர்க்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.